வால்நட் மரத்தில் எலெக்ட்ரிக் கிட்டார்: சேலத்தில் முதல்முறை செய்பவர்களுக்கு

முதல் கிட்டாருக்குப் பாடியை, அதாவது உடல் பலகையை, நீங்கள் செய்யுங்கள். நெக்கை, அதாவது விரல் ஓடும் கழுத்தை, விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். இப்படிச் சொன்னால் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. முழுக் கிட்டாரும் தன் கையாலேயே உருவாக வேண்டும் என்ற ஆசை எனக்கும் புரியும். ஆனால் ஸ்வரத்தைப் பிரிக்கும் உலோகக் கம்பியான ஃப்ரெட்டுக்குப் பள்ளம் அறுப்பது, நெக்கின் வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராட் பதிப்பது, ஃப்ரெட்டுகள் உட்காரும் ஃப்ரெட்போர்டை மெல்லிய வளைவாக இழைப்பது என்று நெக்கில் இருக்கும் ஒவ்வொரு வேலையும் தனியாகப் பழக வேண்டியது. அங்கே அரை மில்லிமீட்டர் பிசகினால் அந்தக் கிட்டார் எந்நாளும் சுருதி சேராது. பாடியில் அதே அளவு பிசகு பெரும்பாலும் உப்புத்தாளிலேயே சரியாகிவிடும். இரண்டே இரண்டு இடங்களில் மட்டும் மன்னிப்பு கிடையாது: நெக் உட்காரும் குழி, பாடியில் தந்தியைத் தாங்கும் பிரிட்ஜ் நிற்கும் இடம். கவனத்தை எல்லாம் அங்கே சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வடிவத்துக்கு டெலிகாஸ்டர் வகையை எடுத்துக்கொள்வோம். 1950-இல் ஃபெண்டர் நிறுவனம் ப்ராட்காஸ்டர் என்ற பெயரில் விற்றது; மறு வருடமே பெயர் டெலிகாஸ்டர் ஆனது. தட்டையான பலகை, அதில் நான்கு திருகில் பூட்டிய நெக், மேலிருந்தே குடைந்த குழிகள், அவற்றை மூடும் உலோகத் தகடு. தொழிற்சாலையில் வேகமாகச் செய்வதற்காக யோசித்த வடிவம்தான், ஆனாலும் முதல்முறை செய்பவருக்கு இதைவிட ஏற்றது வேறில்லை. நெக் சரியில்லை என்றால் கழற்றி வேறு போடலாம். தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப் பிடிக்கவில்லை என்றால் தகட்டைத் திறந்து மாற்றலாம்.

வால்நட் எதற்கு என்று கேட்பார்கள். ஒலிக்காக என்று பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எலெக்ட்ரிக் கிட்டாரில் பிக்கப் உணர்வது, காந்தப் புலத்துக்குள் இரும்புத் தந்தி ஆடும் ஆட்டத்தை. கேட்கும் ஒலியில் பிக்கப்புக்கும் தந்திக்கும் ஸ்பீக்கருக்கும் இருக்கும் பங்கு, பாடி மரத்துக்கு இருப்பதைவிடப் பெரிது என்பது என் கருத்து. வால்நட்டை நான் விரும்புவதற்குக் காரணம் வேறு. நன்றாக உலர்ந்த வால்நட் எளிதில் முறுக்கிக்கொள்ளாது. உளிக்கும், மரத்தைக் குடையும் மின்கருவியான ரவுட்டருக்கும் இணங்கும். சாயமே பூசாமல் எண்ணெய் மட்டும் தேய்த்தாலே சாக்லேட் நிறத்தில் ரேகை எழுந்து நிற்கும். கிப்சன் நிறுவனம் 1978-இல் கொண்டுவந்த 'தி பால்' கிட்டாரின் பாடி வால்நட்தான். அதிலும் மரத்தின் நிறத்தை அப்படியே விட்டிருந்தார்கள்.

குறை ஒன்று உண்டு, எடை. அமெரிக்கக் கருப்பு வால்நட் கன மீட்டருக்குச் சுமார் 610 கிலோ வரும். தேக்கைவிடச் சற்றுக் குறைவு. டெலிகாஸ்டர் அளவுக்கு அறுத்தால் பாடி மட்டும் இரண்டேகால், இரண்டரை கிலோ இருக்கும். எல்லாம் பூட்டிய பிறகு கிட்டார் நாலு கிலோவை ஒட்டி நிற்கும். இரண்டு மணி நேரம் தோளில் மாட்டி நின்று வாசிப்பவர் என்றால் அகலமான தோள்பட்டை வாரும் வாங்கிவிடுங்கள்.

மரம் வாங்கும்போது

வால்நட் நம் மலையில் விளையும் மரமில்லை. நம் நாட்டில் காஷ்மீர், இமாச்சலம், உத்தராகண்ட் பக்கம் வளர்கிறது. காஷ்மீரில் அனுமதியில்லாமல் அதை வெட்டக்கூடாது. ஆகவே பில் இல்லாமல் யாராவது காஷ்மீர் வால்நட் தருகிறேன் என்றால் தொடாதீர்கள். சேலத்து மரவாடிகளில் தேக்கும் வேம்பும் கேட்டவுடன் கிடைக்கும், வால்நட் கிடைப்பது அரிது. பெங்களூரு, சென்னையில் உள்ள இறக்குமதி மரக் கடைகளில் அமெரிக்க வால்நட் பலகையாக வருகிறது, சூளையில் உலர்த்தியது. அதை வாங்குவதே நல்லது.

கடையில் ஒரு விஷயத்தைத் தெளிவாகக் கேளுங்கள். மர வணிகத்தில் நம் வாகை மரத்துக்கு 'ஈஸ்ட் இந்தியன் வால்நட்' என்று ஒரு பெயர் உண்டு. விற்பவர் பொய் சொல்லாமலேயே உங்கள் கைக்கு வாகைப் பலகை வந்து சேரலாம். வாகை மட்டமான மரமில்லை, பழுப்பு நிறமும் அழகுதான். ஆனால் அதன் ரேகை மாறி மாறி ஓடும், இழைத்தால் பிய்த்துக்கொண்டு வரும், தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. வால்நட்டில் ரேகை பெரும்பாலும் ஒரே திசையில் ஓடும். பலகையின் ஓர் ஓரத்தை இழைத்துக் காட்டச் சொல்லிப் பார்த்தால் வித்தியாசம் கையிலேயே தெரிந்துவிடும்.

அளவு: பாடிக்கு 20 இன்ச் நீளம், 14 இன்ச் அகலம், 1¾ இன்ச் தடிமன் வேண்டும். பெருக்கினால் 490 கன அங்குலம். ஒரு கன அடியில் 1,728 கன அங்குலம் என்பதால் இது கன அடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சேதாரத்தையும் சேர்த்து அரை கன அடிக்குக் கேளுங்கள். 14 இன்ச் அகலத்தில் ஒரே பலகை தேடி அலைய வேண்டாம். 7, 7½ இன்ச் அகலமுள்ள இரண்டை ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டிய பாடிக்கு மதிப்பு குறைவதில்லை. இழைக்கும்போது தேயும் என்பதால் தடிமன் 2 இன்ச் இருக்கட்டும். பலகையின் முனையில் வெடிப்பு இருக்கிறதா, பிக்கப்பும் நெக்கும் வரும் இடத்தில் கணு விழுகிறதா என்று பாருங்கள். ஓரத்தில் வெள்ளை இருந்தால் கவலையில்லை. இரண்டு பலகையின் வெள்ளையும் நடுவில் சேரும்படி ஒட்டினால் கரும்பழுப்புக்கு நடுவே ஒரு வெளிறிய பட்டை ஓடும். அதை விரும்பிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

விலையுள்ள மரத்தில் நேராக ரவுட்டரை வைக்கப் பயமாக இருந்தால், முதலில் ஒரு சில்வர் ஓக் பலகையில் பழகுங்கள். சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கும் மிளகுக் கொடி ஏற்றவும் வைத்த மரம் அது. பில்லோடு மில்லில் கேட்டு வாங்குங்கள். எடையிலும் வால்நட்டுக்குக் கிட்டத்தட்ட நெருக்கம் என்பதால் பழகுவதற்குப் பொருத்தம்.

ஈரம்

இங்கேதான் நம் ஊருக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. மரம் அறுத்த பிறகும் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், கொடுக்கும். அப்போதெல்லாம் அகலவாட்டில் உப்பும், சுருங்கும். கருப்பு வால்நட்டின் கணக்குப்படி, 330 மி.மீ. அகலப் பலகையில் ஈரம் 4 சதவீதம் மாறினால் அகலம் 3 மி.மீ.க்கு மேல்கூட மாறலாம். மூவாயிரம் அடிக்கும் மேலான உயர வித்தியாசத்தில், ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் இரண்டு வேறு காற்று நமக்கு இருக்கிறது. சித்திரை வெயிலில் சேலத்தில் பலகை வறண்டுபோகும். ஏற்காட்டில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், ஐப்பசியில் பனிமூட்டம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடும்.

ஆகவே பலகை வந்த அன்றே அறுக்காதீர்கள். நீங்கள் வேலை செய்யப்போகும் அறையிலேயே, தரையில் படாமல், பலகைகளுக்கு இடையே ஒரே தடிமனுள்ள ரீப்பர் துண்டுகளை வைத்து அடுக்குங்கள். நாலு பக்கமும் காற்று போக வேண்டும். இரண்டு வாரமாவது விடுங்கள். மழைக்காலம் என்றால் மூன்று, நான்கு வாரம். வெட்டு முனைகளில் மெழுகோ பெயின்டோ தடவி வையுங்கள், ஏனென்றால் ஈரம் வேகமாக வெளியேறுவது அந்த முனை வழியாகத்தான், வெடிப்பும் அங்கேதான் தொடங்கும். ஊசி குத்திப் பார்க்கும் ஈரமானி ஒன்று இருந்தால் 8 முதல் 10 சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று பார்க்கலாம். அதைவிட முக்கியம், ஒரு வாரத்துக்கு அளவு மாறாமல் நிற்பது. சேலத்தில் மரம் வாங்கி ஏற்காட்டில் வைத்து வாசிக்கப்போகிறவர், மரத்தை ஏற்காட்டுக்குக் கொண்டுபோய் ஆறவிட்டு அங்கேயே வேலையைச் செய்வதுதான் சரி.

இழைப்பதும் ஒட்டுவதும்

மில்லில் திக்னஸ் மிஷினில் கொடுத்து இழைத்து வாங்குங்கள். தச்சர்கள் நூல் கணக்கில் பேசுவார்கள், எட்டு நூல் ஓர் இன்ச். நமக்குத் தேவையான 1¾ இன்ச் அவர்கள் கணக்கில் ஓர் இன்ச் ஆறு நூல். "அண்ணா, ஒரு இன்ச் ஆறு நூல் நிக்கணும், அதுக்குக் கீழ போயிடக்கூடாது" என்று சொன்னால் போதும். மில்லிமீட்டரில் 44.5.

ஒட்டும் ஓரங்களை இழைப்புளியால் நேராக்கி, இரண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இடுக்கில் வெளிச்சம் கசிந்தால் இன்னும் இழைக்க வேண்டும். கிளாம்ப் போட்டு இழுத்து இடைவெளியை மூடலாம் என்று நினைக்காதீர்கள். அந்த இறுக்கம் ஒட்டில் தங்கிவிடும், பின்னொரு நாள் வெயிலில் பிளக்கும். தச்சர்கள் பயன்படுத்தும் சாதாரணப் பெவிகாலே பாடிக்குப் போதும். ஓரம் முழுக்க மெல்லிதாகத் தடவி, ஐந்தாறு அங்குலத்துக்கு ஒரு கிளாம்ப், மேலும் கீழும் மாற்றி மாற்றி. பசை சிறு மணிகளாகக் கசிந்தால் அளவு சரி. ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள்.

தூளைப் பற்றி ஒரு வார்த்தை. வால்நட் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் கண்ணில் எரிச்சலையும் தரும். முகக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் ரவுட்டரை ஓட்டாதீர்கள். கருப்பு வால்நட்டின் சீவலைத் தோட்டத்தில் கொட்டவும் வேண்டாம், தக்காளிச் செடிக்கு அது நஞ்சு. குதிரைக்குப் படுக்கையாகப் போட்டால் குளம்பு நோய் வரும்.

மரத்தில் பென்சில் வைப்பதற்கு முன்

நெக், பிரிட்ஜ், பிக்கப், கன்ட்ரோல் தகடு, ட்யூனிங் கீ, எல்லாம் மேசைமேல் வந்து சேர்ந்திருக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் வரைபடத்தை நம்பிக் குழி தோண்டிவிட்டு, பிறகு வந்த பிக்கப் 2 மி.மீ. பெரிதாக இருந்தால் என்ன செய்வது? ஒவ்வொரு பொருளையும் வெர்னியர் வைத்து நீங்களே அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

நெக் வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். ஸ்கேல் (நெக்கின் தலைப்பக்கம் தந்தி உட்காரும் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை தந்தி ஆடும் நீளம்) 25.5 இன்ச், அதாவது 647.7 மி.மீ. அடிப்பகுதி டெலிகாஸ்டர் வகையில் சதுர முனையாக இருக்க வேண்டும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் நெக்கின் அடி வளைவாக முடியும், நம் குழிக்குப் பொருந்தாது. ட்ரஸ் ராட் இரு பக்கமும் திரும்ப வேண்டும். ஃப்ரெட்போர்டு ஈட்டியில் வேண்டுமென்றால் பில் உள்ள கடையில் வாங்குங்கள். உலகம் முழுக்கக் கிட்டார்களில் இருக்கும் ஈட்டி தென்னிந்தியக் காடுகளின் மரம். அதன் வெட்டும் வணிகமும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை.

பிரிட்ஜில் தந்தி பாடிக்குப் பின்னாலிருந்து ஏறும் வகையும் உண்டு, பிரிட்ஜின் பின்விளிம்பிலேயே மாட்டும் வகையும் உண்டு. இரண்டாவதை எடுங்கள். முதலாவதற்கு 45 மி.மீ. மரத்தில் ஆறு துளைகள் ஒரே வரிசையில் செங்குத்தாக இறங்க வேண்டும், ஸ்டாண்ட் டிரில் இல்லாமல் அது நடக்காது.

முழு அளவு வரைபடத்தைப் பிளாட்டர் உள்ள ஜெராக்ஸ் கடையில் அச்செடுங்கள். அதில் 300 மி.மீ. கோடு ஒன்றை முன்கூட்டியே வரைந்து வைத்து, அச்சில் அது 300-ஆகவே வந்திருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். பிறகு 12 மி.மீ. எம்.டி.எஃப். பலகையில் ஒட்டி, அறுத்து, ஓரத்தை உப்புத்தாளால் வழவழப்பாக்கி, ரவுட்டருக்கு வழிகாட்டும் டெம்ப்ளேட் செய்துகொள்ளுங்கள். டெம்ப்ளேட்டில் இருக்கும் சின்ன மேடு பள்ளம்கூட அப்படியே வால்நட்டில் பதிந்துவிடும். ஆகவே ஒரு மாலைப்பொழுதை அதற்குத் தாராளமாகக் கொடுங்கள்.

நடுக்கோடு

பலகையில் முதலில் வரைவது நடுக்கோடு. முன்பக்கம், பின்பக்கம், இரண்டு முனைகளிலும் சுற்றி வர அது இருக்க வேண்டும். நெக், இரண்டு பிக்கப், பிரிட்ஜ் நான்கும் அந்த ஒரே கோட்டில்தான் உட்காரப்போகின்றன. கோயில் தேருக்கு வடம் எப்படியோ, கிட்டாருக்கு இந்தக் கோடு அப்படி. பென்சில் கோடு வால்நட்டின் கருமையில் மறைந்துபோகும். வெள்ளைப் பென்சிலோ, கத்தி முனையால் மெல்லிய கீறலோ நல்லது. பலகைகளை ஒட்டிய இணைப்பையே நடுக்கோடாக வைத்துக்கொண்டால் வேலை இன்னும் எளிது.

பிரிட்ஜ் எங்கே வரும் என்பதை இப்போது கணக்கிடலாம். நட்டிலிருந்து 12-ஆவது ஃப்ரெட் ஸ்கேலின் சரிபாதி, 323.85 மி.மீ. 12-ஆவது ஃப்ரெட்டிலிருந்து, பிரிட்ஜில் தந்தி உட்காரும் சேடில் வரை அதே தூரம். மற்ற ஃப்ரெட்டுகளுக்கும் கணக்கு எளிதுதான்: மீதமிருக்கும் நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817-ஆல் வகுத்தால் அடுத்த ஃப்ரெட் வரும். 647.7-ஐ வகுத்தால் 36.35, அது முதல் ஃப்ரெட். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், வாங்கிய நெக்கின் முதல் ஃப்ரெட், 12-ஆவது ஃப்ரெட் இரண்டையும் அளந்து பார்த்தால் அது சொன்னபடி 25.5 இன்ச் நெக்தானா என்று உறுதியாகிவிடும்.

சன்னமான முதல் தந்திக்குச் சேடில் அந்த 647.7-க்குக் கிட்டத்தட்ட மிக அருகில் நிற்கும். தடித்த தந்திகளுக்குப் போகப் போகப் பின்னால் தள்ள வேண்டிவரும். ஆறாவது தந்திக்கு 3, 4 மி.மீ. ஆகவே பிரிட்ஜைப் பொருத்தும்போது முதல் தந்தியின் சேடில் முன்பக்கம் நகரச் சிறிது இடம் விட்டு, மற்றவை பின்னால் போக நிறைய இடம் விட்டு வையுங்கள்.

நெக் குழி

வெளிவடிவத்தை அறுப்பதற்கு முன்பே குழிகளைத் தோண்டுங்கள். பலகை முழுசாக இருக்கும்போது ரவுட்டர் சாயாமல் உட்கார இடம் அதிகம்.

நெக் குழிக்குக் கடையில் விற்கும் டெம்ப்ளேட்டை நான் நம்புவதில்லை. உங்கள் நெக்கையே அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். நெக்கை நடுக்கோட்டில் சரியாகப் படுக்கவையுங்கள். முதல், ஆறாவது தந்திகள் போகும் வழியில் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை நூல் இழுத்துக் கட்டி, ஃப்ரெட்போர்டின் இரு ஓரத்திலிருந்தும் நூல் ஒரே தூரத்தில் இருக்கும்வரை நெக்கை இம்மி இம்மியாக நகர்த்துங்கள். சரியானதும் அசையாமல் கிளாம்ப் போட்டு, நெக்கின் இரு பக்கமும் அடி முனையிலும் நேரான எம்.டி.எஃப். பட்டைகளை ஒட்டி அணைத்து, இருபக்க டேப்பில் பலகையோடு ஒட்டுங்கள். பட்டைக்கும் நெக்குக்கும் நடுவே ஒரு தாள் தடிமன் விடுங்கள், பாலிஷ் ஏறியதும் குழி அந்த அளவு குறுகும். இனி நெக்கை எடுத்துவிட்டால், பட்டைகளுக்கு நடுவே இருப்பது உங்கள் நெக்குக்கே அளவெடுத்த டெம்ப்ளேட்.

டெம்ப்ளேட் ஓரத்தை உரசி ஓடும் பேரிங் மேல்பக்கம் உள்ள பிட்டை ரவுட்டரில் போட்டு, ஒரு தடவைக்கு 3 மி.மீ.க்கு மேல் இறக்காமல் தோண்டுங்கள். மொத்த ஆழம் 16 மி.மீ. நெக்கின் அடித் தடிமன் சுமார் 25 மி.மீ. என்பதால் 9 மி.மீ. மேலே நிற்கும், டெலிகாஸ்டர் பிரிட்ஜின் உயரத்துக்கு அது பொருந்தும். குழியின் அகலம் சாதாரணமாக 56 மி.மீ. வரும், ஆனால் எண்ணைப் பார்க்காமல் நெக்கைப் பாருங்கள். நெக்கை அழுத்திச் செருகி, நெக்கைப் பிடித்துப் பலகையைத் தூக்கினால் திருகு இல்லாமலே பலகை கூட வர வேண்டும். குழியின் தரை மட்டமாக இருக்கிறதா என்று ஸ்கேல் ஓரத்தை வைத்துப் பாருங்கள். அங்கே மேடு இருந்தால் நெக் சாய்ந்து உட்காரும், தந்தி உயரம் கடைசிவரை தொல்லை தரும்.

பிக்கப் குழிகளும் கன்ட்ரோல் குழியும் அவ்வளவு நுணுக்கம் கேட்பவை இல்லை. பெரிய துளைகள் போட்டு மரத்தை முதலில் அகற்றிவிட்டு, ஓரத்தை மட்டும் ரவுட்டரால் ஒழுங்கு செய்யுங்கள். கன்ட்ரோல் குழி 38 மி.மீ. ஆழம் போதும், அடியில் 6 மி.மீ. மரமாவது மிஞ்ச வேண்டும். ஒயர் போகும் வழியை நீளமான டிரில் பிட்டால் நெக் குழி பக்கமிருந்து சாய்வாகத் துளைக்கலாம். பிரிட்ஜுக்கு அடியிலிருந்து கன்ட்ரோல் குழிக்கு எர்த் ஒயருக்காக ஒரு சிறு துளையை இப்போதே போட்டுவிடுங்கள், பிறகு போட இடமிருக்காது. ஜாக் துளை பக்கவாட்டில், 22 மி.மீ.

வெளிவடிவம்

ஜிக்சாவின் பிளேடு இந்தத் தடிமனில் அடிப்பக்கம் சாய்ந்து ஓடும். கோட்டுக்கு வெளியே 4 மி.மீ. விட்டு அறுங்கள், மில்லில் பேண்ட்சா இருந்தால் அங்கேயே அறுத்து வாங்குவது இன்னும் நல்லது. மீதியை டெம்ப்ளேட்டோடு ரவுட்டரால் எடுக்கலாம்.

கொம்பு வளையும் இடங்களில் ரவுட்டர் மரத்தின் ரேகைக்கு எதிராகப் போகும். அங்கே வால்நட் சிம்பாகப் பிய்ந்து பறக்கும், பயப்படும்படியாகவே பறக்கும். ரேகை எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கமாகவே அறுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் வரும்போது பலகையைத் திருப்பிப் போட்டு, அடிப்பக்கம் பேரிங் உள்ள பிட்டால் மறுபுறமிருந்து வாருங்கள். ஒரே இடத்தில் ரவுட்டரை நிறுத்தினால் கருகும்; கருகிய தடத்தை உப்புத்தாளால் எடுப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். பிட் மாற்றும்போதெல்லாம் பிளக்கை சுவரிலிருந்து பிடுங்குங்கள், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது.

ஓரங்களை 3 மி.மீ. உருட்டி விடுங்கள். வயிற்றில் படும் பின்பக்கத்தை மர அரத்தால் சரிவாக்கினால் எடையும் கொஞ்சம் குறையும், மடியிலும் ஒழுங்காக உட்காரும். பிறகு உப்புத்தாள்: 80, 120, 180, 240, 320. எண்ணைத் தாண்டிக் குதிக்காதீர்கள். 240 முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் நார் எழுந்து நிற்கும், அதை 320-ஆல் எடுத்துவிடலாம்.

பாலிஷ்

வால்நட்டில் கண்ணுக்குத் தெரியும் துளைகள் இருக்கும். கண்ணாடிபோல் மினுங்க வேண்டும் என்றால் கரும்பழுப்பு ஃபில்லர் தேய்த்து அடைக்க வேண்டும். என் விருப்பம் துளையை அடைக்காமல் எண்ணெய் மட்டும். காய்ச்சிய ஆளி விதை எண்ணெயையோ டங் எண்ணெயையோ துணியால் தேய்த்து, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்து, ஒரு நாள் காயவிட்டு மறுபடி. ஐந்தாறு கோட் போகட்டும்.

அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். ஆளி எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும்; சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். சேலத்துக் கோடையில் தகரக் கூரைப் பட்டறை என்றால் கேட்கவே வேண்டாம். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயப்போட்ட பிறகே குப்பையில் போடுங்கள்.

லாக்கர் அடிக்கிறவர்கள் ஏற்காட்டில் மூட்டமான நாளைத் தவிர்க்க வேண்டும். காற்றின் ஈரம் பூச்சில் மாட்டி வெள்ளையாகப் பூத்துவிடும். இன்னொன்று, பல மரங்கள் வருடம் போகப் போகக் கறுக்கும், வால்நட் வெளிச்சத்தில் வெளிறும். ஜன்னலோரம் தொங்கவிட்டால் ஒரு பக்கம் மட்டும் தேன் நிறமாகிவிடும்.

நெக்கைப் பூட்டுவதும் ஒயரிங்கும்

பாடியில் நெக் திருகுக்கான துளைகள் திருகு தொடாமல் சறுக்கி நுழையும் அளவுக்கு இருக்க வேண்டும், 4.5 மி.மீ. நெக்கில் 3 மி.மீ. துளை. திருகில் சோப்பைத் தேய்த்துக்கொண்டால் மேப்பிளில் உடையாமல் இறங்கும். பாடித் துளையிலும் மரை பிடித்தால் நெக்குக்கும் பாடிக்கும் நடுவே மயிரிழை இடைவெளி நின்றுவிடும்.

ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பாட் 250 கிலோ ஓம், 0.047 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர். இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர் என்றால் 500, 0.022. குழிகளுக்குள் செப்புத் தகட்டு டேப் ஒட்டி எல்லாவற்றையும் எர்த்தோடு சேர்த்தால் இரைச்சல் குறையும். பாட்டின் முதுகில் சால்டர் பிடிக்க, முதலில் உப்புத்தாளால் தேய்த்து, 40 வாட் அயனை நன்றாகக் காயவைத்து வையுங்கள். மூடுவதற்கு முன் மல்டிமீட்டரில் பிரிட்ஜுக்கும் ஜாக்கின் வெளிவளையத்துக்கும் இடையே ஏறத்தாழ பூஜ்யம் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் பிரிட்ஜ் எர்த் விட்டுப்போயிருக்கிறது. ஆம்ப்ளிஃபயரை எர்த் உள்ள மூன்று முனை பிளக்கில்தான் போட வேண்டும். தந்தியைத் தொடுகிறவர் எர்த்தைத் தொடுகிறார், வீட்டு வயரிங் பிசகாக இருந்தால் அது விளையாட்டு விஷயமில்லை.

தந்தி ஏற்றிய பிறகு

10 முதல் 46 வரையுள்ள (தந்தியின் தடிமன், இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) தந்திக் கட்டு போடுங்கள். சுருதிக்கு வந்ததும் ஆறும் சேர்ந்து சுமார் 45 கிலோ விசையில் நெக்கை இழுக்கும். ஒரு இரவு அப்படியே விடுங்கள்.

மறுநாள் வரிசையாக: முதலில் நெக். ஆறாவது தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்து, ஏழாவது ஃப்ரெட்டில் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடைவெளியைப் பாருங்கள். 0.2 மி.மீ. நல்லது. அதிகம் என்றால் ட்ரஸ் ராடை வலப்பக்கம் கால் சுற்று, அதற்கு மேல் ஒரே நேரத்தில் வேண்டாம். அடுத்து உயரம்: 12-ஆவது ஃப்ரெட்டில் சன்னத் தந்திக்கு 1.5, தடித்த தந்திக்கு 2 மி.மீ. நட்டின் பள்ளம் மேலே இருந்தால் முதல் ஃப்ரெட்டில் சுருதி கூடும். அதைக் குறைக்க விலையுயர்ந்த நட் அரம் தேவையில்லை. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறைகளுக்குச் சாமான் விற்கும் கடையில் ஊசி அரம் கேட்டு வாங்குங்கள். கொலுசு வேலைக்கு உதவும் அந்த நுண்மை இதற்கும் உதவும்.

கடைசியாகச் சுருதி. 12-ஆவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஸ்வரம்) அழுத்திய ஸ்வரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது கூடினால் சேடிலைப் பின்னால் தள்ளுங்கள், குறைந்தால் முன்னால் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு முறை நகர்த்திய பிறகும் தந்தியைத் திரும்பச் சுருதி சேர்த்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்து நெக் திருகுகளை ஒரு முறை இறுக்கிப் பாருங்கள், புது மரம் சற்று அமர்ந்திருக்கும். கிட்டாரை மலைக்கு ஏற்றினாலோ இறக்கினாலோ இரண்டு நாள் உறையிலேயே வைத்துவிட்டு நெக்கின் இடைவெளியை மறுபடி அளந்து, தேவைப்பட்டால் ட்ரஸ் ராடைக் கால் சுற்று திருப்புங்கள். மே மாத மதியத்தில் நிறுத்திய காருக்குள் மட்டும் விட்டு வராதீர்கள். அந்தச் சூட்டில் ஒட்டும் இளகும், நெக்கும் வளையும்.